ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி

"எங்க வீட்டு வயரிங், ஃபேன் எல்லாம் இந்த அப்பளசாமி அண்ணன் வேலைதான்," என்று விருந்துக்கு வந்த அக்கம்பக்கத்தாரிடம் நளினி பெருமையாகச் சொன்னாள்.

"எங்க வீட்டு வேலையையும் அண்ணனுக்குத்தான் குடுக்கப் போறேன்," என்றார் பக்கத்து வீட்டு விக்னேஸ்வரன்.

"படிச்சா செய்யறோம்? பார்த்துப் பழகினதுதான் லா!" அப்பளசாமி சிரித்தார்.

நளினி அவருக்கு ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டாள். அவர் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியைச் சுவரோரம் இழுத்துக்கொண்டார்.

"ஏண்ணே, இப்படி வேர்க்குதே?"

"காத்து ஒத்துக்காதும்மா."

"பயப்படாம உக்காருங்க. நீங்க மாட்டினது போன வாரமே விழுந்து, அம்மா கால் உடைஞ்சிருச்சு. இது லைசென்ஸ் வச்சிருக்கிறவர் மாட்டினது."

எல்லோரும் திரும்பி அப்பளசாமியைப் பார்த்தார்கள்.

"உங்க வேலை லட்சணத்தை நான் சொன்னா இவங்க நம்பமாட்டாங்க, அண்ணே. அதான் உங்களையே கூப்பிட்டு உக்காரச் சொன்னேன்."