தலைவர் போட்ட ஓசிப் படம்

டெண்டுக் கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த அமிர்தநாதன் மட்டும் தலையைக் குனிந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

"பாரு, பாரு! அழுவுறான் பாரு!" என்று நாற்காலியில் இருந்த ரகுபதி தொடையைத் தட்டினார். சிரித்த வேகத்தில் வெற்றிலைச் சாறு சட்டையில் தெறித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் படப்பைப் பக்கம் ஷூட்டிங் வந்த ஒரு டைரக்டர், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியடியில் பத்து நாள் உட்கார்ந்து அமிர்தநாதனிடம் கதை கேட்டுக்கொண்டு போனார். அதுதான் இந்தப் படம். காலம் மாற மாற, ஊருக்குள் புதுசாக எது வந்தாலும் அதைப் பார்த்துத் திருதிருவென்று முழிக்கும் ஓர் அப்பாவியின் கதை. எடுத்த எடுப்பில் திரையில் கொட்டை எழுத்து: 'கதை: அமிர்தநாதன்.'

அந்தக் காலத்தில் தெருவிளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர் அவர். கரண்டு வந்த பிறகு பம்புசெட்டு, தண்ணீர்த் தொட்டி. அவர் கால் படாத வீடில்லை. அவர் வாய் திறந்த நாளும் இல்லை. அவரை வைத்துக்கொண்டு யாரும் எதையும் பேசுவார்கள், எதையும் செய்வார்கள். சுவரைப் பார்த்து யாராவது வெட்கப்படுவார்களா?

அந்தச் சுவரைத்தான் கீழ்த்தெருக்காரர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் ரகுபதிக்கு எதிராக நிறுத்தியிருந்தார்கள். எழுபதாம் வருஷம் பதினோரு ஓட்டில் ஜெயித்தவர் ரகுபதி. அதற்கப்புறம் பதினாறு வருஷமாகத் தேர்தலே நடக்கவில்லை. ஆனாலும் ஊருக்கு இன்றைக்கும் அவர்தான் 'தலைவர்'.

படம் மணிமங்கலம் கொட்டகைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ரகுபதிக்குக் குஷி தாங்கவில்லை. முதல் ஆட்டம் மொத்தத்தையும் தன் பேரில் எடுத்து, ஊரையே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். 'இந்த மண்ணாந்தைக்கா ஓட்டு?' என்று அவர் மேடை போட்டுக் கேட்க வேண்டாம். படமே கேட்கும்.

கேட்டது. திரையில் ஐம்பத்தெட்டாம் வருஷம், வீட்டில் முதல் பல்பு. கதாநாயகன் ஸ்டூல் மேல் ஏறி அதை ஊதி ஊதி அணைக்கப் பார்த்தான். மூச்சு வாங்கியதே தவிர பல்பு அணையவில்லை. கடைசியில் அதன் மேல் ஒரு கோணிப்பையைக் கட்டிவிட்டுப் படுத்தான்.

ரகுபதிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் பலராமன் வாத்தியாரின் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலம் நழுவி மண்ணில் விழுந்தது.

அடுத்து அறுபத்து நாலு, ஊருக்கு முதல் டெலிபோன். கலெக்டர் பேசுகிறார் என்றதும், வெற்றுடம்போடு இருந்த கதாநாயகன் ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினான். சட்டை மாட்டி, தலை சீவி, திரும்பி வந்து டெலிபோனைக் கையெடுத்துக் கும்பிட்டான். கொட்டகைக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. ரைஸ்மில் நாகப்பன் மட்டும் இருமத் தொடங்கினார்.

இடைவேளை விட்டார்கள். ரகுபதி எழுந்து நின்று, "பாத்துக்கினீங்களா நம்ம வேட்பாளரை?" என்று சத்தமாகக் கேட்டார். மறுபடி ஒரு சிரிப்பலை. அதற்குள் வாத்தியார் அவர் கையைப் பிடித்து சோடாக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"தலைவரே, படத்த நிறுத்தச் சொல்லுங்க."

"இன்னாத்துக்கு வாத்தியாரே?"

"பல்ப ஊதுனது அவன் இல்ல." வாத்தியாரின் குரல் உள்ளே போயிற்று. "நான். அன்னிக்கி எங்க வூட்ல ஸ்டூல புடிச்சிகினு நின்னவன்தான் அவன்."

பின்னாலேயே வந்த நாகப்பன் நெற்றியைத் துடைத்தார். "போன கும்பிட்டது நான்தான்பா. மில்லுல மோட்டாரு ரிப்பேர் பாத்துகினு இருந்தான் பாவி. இத்தினி வருசமா ஒரு வார்த்த வெளிய உடல!"

ரகுபதி ஒரு கணம் திகைத்தார். அடுத்த கணம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"புள்ளைங்களுக்கு சயின்ஸ் நடத்துற வாத்தியாரு பல்ப ஊதுனாரா! ஊரு அவன்னுதான நெனச்சிகினு கீது? நெனச்சிகினே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம ஓட்டு. அதுவரிக்கும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

படத்தை நிறுத்துவதாவது! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் நேரே அமிர்தநாதனிடம் போனார். அமிர்தநாதனின் கண்கள் இன்னும் சிவந்திருந்தன. ரகுபதி ஒரு கோலி சோடாவை உடைத்து அவர் கையில் கொடுத்து, தோளில் கை போட்டுக் காதோரம் குனிந்தார்.

"கெட்டிக்காரன்டா நீ அமிர்தா! அத்தினி பேரு வண்டவாளத்தையும் ஏத்தி உட்டுட்டு, என்னிய மட்டும் காப்பாத்திட்ட பாரு. உப்பிட்டவன மறக்கல."

அமிர்தநாதன் சோடாவைச் சொட்டு விடாமல் குடித்து முடித்தார். பாட்டிலைக் கடைக்காரரிடம் பதமாகக் கொடுத்தார். உள்ளே மணி அடித்தது. ஊர் மொத்தமும் முண்டியடித்துக்கொண்டு திரையைப் பார்த்து ஓடியது. அமிர்தநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரகுபதி பக்கம் திரும்பினார்.

"சீக்கிரம் வாங்க தலைவரே, எழுபதாம் வருசத்து ஓட்டுப்பொட்டி இப்பதான் வருது."