கிணற்று முறை

பங்குக் கிணற்றில் தன் முறை வரும்போது தம்பி தண்ணீரே விடுவதில்லை என்று வக்கீலிடம் அடித்துச் சொன்னார் நாச்சிமுத்து. உண்மையில் போன மாதம் ஒரே ஒரு நாள் நடந்த தகராறு அது.

"கேஸ்னா வருஷக்கணக்கா இழுக்குமுங்க. போடலாமா?" என்று கேட்டார் வக்கீல்.

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. தம்பிதான்.

"அண்ணா, கரண்டு வந்துருச்சுங்ணா. இன்னைக்கு உங்க முறையாச்சே, ஆளக் காணமேன்னு நானே மோட்டாரப் போட்டு உங்க வாழைக்கு மடையத் திருப்பி உட்டுட்டேன். பொறுமையா வாங்க."

நாச்சிமுத்துவுக்கு முகம் சுண்டிப்போனது. போனை மடியில் கவிழ்த்து வைத்தார். அதற்குள்ளிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"யாருங்க போன்ல?" என்றார் வக்கீல்.

"வீட்ல இருந்துங்க."

"சரி, எதிர்பார்ட்டி பேரச் சொல்லுங்க."