வெள்ளைக் கோடு

வெள்ளைப் பெயிண்ட் பெயர்ந்து அவள் நகத்துக்குள் ஏறியது.

அடியில் சிவப்பு.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

காரின் முன்பக்கத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் நல்லசிவம் பேரிங் வாங்கக் காந்திபுரம் போயிருந்தான். "முன்னாடி நான் பாத்துக்கறேன். நீ பின்சக்கரத்தக் கழட்டு, போதும்."

கட்டிய புருஷன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். பின்சக்கரம் சீக்கிரமே கழன்றுவிட்டது. அவளுக்கோ சும்மா இருக்கத் தெரியாத கை. முன்சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மையும் கழற்றி, புதுக் காருக்கு ஆகுமா என்று துடைத்துப் பார்த்தாள்.

தார்ப்பாயை விலக்கி இன்றைக்குத்தான் அந்தக் காரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பாகங்களாக வாங்கி, அவளும் நல்லசிவமும் அவன் தம்பி தரணியும் இதே ஷெட்டில் கோத்த ரேஸ் கார்.

தரணியைக் கொண்டுபோன கார்.

காரின் இரும்புச் சட்டம் வளைந்துவிட்டது. அது இனி பழைய இரும்புக்குத்தான் ஆகும். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் அதே மாதிரி ஒன்று செய்துதரக் கேட்டபோது, மற்றதையெல்லாம் எடுத்துப் புதியதில் போட்டுவிடலாம் என்றான் நல்லசிவம். எஞ்சின் என்ன பாவம் செய்தது என்று கேட்டான்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் தொடங்கிப் பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். நல்லசிவத்துக்கு வெள்ளைப் பெயிண்ட். அவளுக்குச் சிவப்பு நகப்பூச்சு.

"ஊருல பொம்பளைங்க வெரலுக்குப் போடுவாங்க. எம்மருமக நட்டுக்குப் போடறா" என்று அத்தை சிரித்த காலம் ஒன்று இருந்தது.

யாருடைய கோடோ அவர்தான் அந்த நட்டுக்குப் பொறுப்பு.

பந்தயத்தன்று தரணி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினான். சக்கரம் திரும்பவில்லை.

ஸ்டியரிங் ஆர்மில் ஒரு நட்டைக் காணோம். அது இருந்த இடத்தின் ஓரத்தில் பாதிக் கோடு மட்டும் மிச்சம்.

வெள்ளைக் கோடு.

"நாந்தான். முறுக்க மறந்துட்டேன்." எல்லோர் முன்னாலும் நல்லசிவம் சொன்னான். பெற்றவளிடமும் அதையேதான் சொன்னான். அன்றோடு அத்தை மகனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அவன் மொண்டு கொடுக்கும் தண்ணீரைக்கூடத் தொடுவதில்லை. சோறானாலும் மாத்திரையானாலும் மருமகள் கையால்தான்.

அவள் மட்டும் என்ன யோக்கியம்? மன்னித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சமையலறைக் குழாய் விடாமல் சொட்டிய எரிச்சலில் ஒருநாள் வாய்விட்டுவிட்டாள். "ஒரு நட்ட ஒழுங்கா முறுக்கத் தெரியாத ஆளுகிட்டச் சொல்லி என்ன பண்றது?"

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தான்.

அந்தப் பாதிக் கோட்டை இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். சிவப்பு நீண்டுகொண்டே போனது.

பந்தய நாளின் காலை ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

நகப்பூச்சு பாட்டில் திறந்திருந்தது. காய்ந்துவிடப் போகிறதே என்று, நட்டை விரலால் திருகிவிட்டு முதலில் கோட்டைப் போட்டாள். பிறகு ஸ்பேனரை எடுத்தாள்.

"அண்ணி, பசிக்குது. இட்லி எந்தத் தூக்குல இருக்கு?"

தரணி.

ஸ்பேனரை வைத்துவிட்டுப் போனாள். பொடி தடவிய இட்லியை அவன் நின்றுகொண்டே தின்றான். அவள் கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். நட்டின்மேல் கோடு இருந்தது. கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்றுதானே அர்த்தம்? அடுத்த நட்டுக்குப் போய்விட்டாள்.

விபத்து நடந்ததும் எல்லோரும் தரணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லசிவம் மட்டும் கருவிப் பெட்டியோடு நொறுங்கிய காருக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் கிடந்தான். தம்பியைப் பார்க்காமல் காரைப் பார்த்தான் பாவி என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள்.

அவளும்தான் பேசினாள்.

ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது, அழுகை வரவில்லை.

ஷெட் வாசலில் வண்டி வந்து நின்றது. நல்லசிவம் பேரிங் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். அவள் கையிலிருந்ததைப் பார்த்தான். அவள் நகத்தைப் பார்த்தான்.

"முன்னாடி நான் பாத்துக்கறேன்னு சொன்னேனில்ல."

குரலில் கோபமே இல்லை. மேல்தட்டிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் டப்பாவை எடுத்து மூடியை நெம்பினான். பிரஷ்ஷைத் தோய்த்தான். ஆர்மை வாங்கக் கை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து அத்தை கூப்பிட்டார். "அம்மிணி, சோறு போடறயா சாமி? மாத்திர முழுங்கோணும்."

அவள் எழுந்தாள். முழங்கை நீள இரும்பு. இத்தனை கனமா இது?

"வேண்டாம் புள்ள" என்றான் பின்னாலிருந்து. பிரஷ்ஷிலிருந்து வெள்ளை அவன் செருப்பில் சொட்டியது.

அவள் நடந்தாள். சமையலறையில் சோறு வடித்து மூடியிருந்தது. அதைத் தாண்டிப் போனாள்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு முகம் மலர்ந்தது. மருமகள் கொண்டுவரும் தட்டை வாங்கிக்கொள்ள, எப்போதும்போல இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் கையில் தட்டு இல்லை.