பச்சைக் கோட்டுத் தாள்

"உங்கட பிள்ளை எழுதினதை ஒருக்கா வாசியுங்கோ."

ஞானேஸ்வரி ரீச்சர் ஒரு துண்டுத் தாளை மேசையில் தள்ளி வைத்தார். கதிரை போட்டிருந்தது. சுமித்திரா அதில் இருக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்துக் கதிரையைக் கண்டாலே அவளுக்குக் கூச்சம்.

எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

'எனக்கு ரீச்சரைக் கண்டால் பயம். பள்ளிக்கூடம் விட்டாலும் பயம் போகுதில்லை.'

எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சரிந்து கிடந்தன. பெயர் இல்லை.

போன மாதம் கல்வி வலயத்திலிருந்து ஒரு சேர் வந்து, பிள்ளைகள் மனம் விட்டுக் கதைக்க வேண்டும், தன்னம்பிக்கை வளர வேண்டும் என்று சொல்லி, நாலாம் வகுப்பில் ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். மனப்பெட்டி என்று பெயர். மனதில் உள்ளதை எழுதிப் போடலாம், பெயர் போடத் தேவையில்லை, ஆர் எழுதினது என்று ஒருவரும் தேடமாட்டினம் என்று ரீச்சரே வகுப்பில் சொன்னவர். பெட்டிப் பூட்டின் திறப்பும் ரீச்சரின் கைப்பைக்குள்தான்.

"பெயர் போடேல்லைத்தான். ஆனால் பச்சைக் கோடு போட்ட கொப்பி இந்த வகுப்பில உங்கட மகளிட்ட மட்டுந்தான் கிடக்கு."

உண்மைதான். புளியங்குளத்தில் கடையில் நிற்கும் சுமித்திராவின் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த கொப்பி. சாரங்கா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள்.

சாரங்கா சுவரோடு ஒட்டி நின்றாள். இடைவேளை. மற்றப் பிள்ளைகள் வெளியே விளையாடினார்கள். முன் வாங்கில் ரீச்சரின் மகள் கம்சிகா மட்டும் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளும் இதே வகுப்பு. சாரங்காவுக்குப் பக்கத்து இடம்.

"இஞ்ச பாருங்கோ, என்ர மகளும் இந்த வகுப்பிலதான் படிக்கிறாள். அவள் இப்பிடி எழுதுவாளோ? வளர்ப்பு எண்டு ஒண்டு இருக்கு."

சுமித்திரா நிலத்தைப் பார்த்தாள்.

"மலைநாட்டுப் பக்கத்தால வந்த சனம், அதுகளிலயும் ஒரு பிள்ளை மேடை ஏறட்டும் எண்டு நான்தான் வெள்ளிக்கிழமை விழாவில வரவேற்புரையை இவளுக்குக் குடுத்தனான். எனக்கு நல்லா வேணும்."

சுமித்திராவின் நெஞ்சு அந்த வெள்ளிக்கிழமையில்தான் போய் நின்றது.

மூன்று வருடமாக வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை சாரங்கா. இடாப்பில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். இந்த முறைதான் பத்து வரியைப் பாடமாக்கி, வேலிக்கும் கோழிகளுக்கும் முன்னால் நின்று சொல்லிப் பழகியிருந்தாள். நேற்று ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கேட்டுக் கேட்டுச் சுமித்திராவுக்கும் அது பாடம். தன் ஆயுளில் நாலு பேருக்கு முன்னால் நாலு சொல் சொல்லாதவள், மகள் சொல்லப் போகிறாள் என்று பக்கத்து வளவுத் தங்கம்மாவையும் வெள்ளிக்கிழமைக்கு வரச் சொல்லி வைத்திருந்தாள்.

ரீச்சர் குரலை இறக்கினார்.

"சாரங்கா, நீ எழுதேல்லை எண்டால் ஆர் எழுதினது எண்டு சொல்லு. தாள் ஆருக்குக் குடுத்தனி? பேரைச் சொல்லு. வெள்ளிக்கிழமை நீதான் மேடையில."



"சொல்லு பிள்ளை," என்றாள் சுமித்திரா. பிறகு கெஞ்சிப் பார்த்தாள். வரவேற்புரையை நினைத்துப் பார் என்றாள். தங்கம்மா மாமியும் வரப்போகிறா என்றாள்.

சாரங்கா ஒருமுறை முன் வாங்குப் பக்கம் பார்த்தாள். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களோ அழுத்தத்தை? சரி. வெள்ளிக்கிழமை கம்சிகா கதைக்கட்டும்."

கம்சிகாவின் கையில் பாண் அப்படியே நின்றது.

சுமித்திராவுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆட்களுக்கு முன்னால் துணிந்து ஒன்றும் செய்தறியாதவள், அன்றைக்கு ஒன்று செய்தாள். மகளின் கன்னத்தில் ஓங்கி அடித்தாள்.

"சீ, அடிக்காதேங்கோ," என்றார் ரீச்சர். "பிள்ளையளைப் பயப்படுத்தி வளக்கக் கூடாது எண்டுதானே நாங்கள் இவ்வளவு பாடுபடுறம்."

பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் திரும்பினார்கள். சாரங்கா பின்கரியரில். வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதுதான் சாரங்கா வாய் திறந்தாள்.

"அம்மா, அது நான் எழுதேல்லை."

"அப்ப ஆர்?"

"கம்சிகா. தாள் ஒண்டு தா எண்டு கேட்டவள். எழுத்துத் தெரியக் கூடாது எண்டு இடக்கையால எழுதினவள்."

சுமித்திரா சைக்கிளை நிற்பாட்டினாள். இறங்கித் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சின்னக் கன்னத்தில் நாலு விரலும் இன்னும் பதிந்து கிடந்தன.

"அதை அங்க சொல்லியிருக்கலாமே பிள்ளை. வெள்ளிக்கிழமை நீயெல்லோ கதைச்சிருப்பாய். ஏன் சொல்லேல்லை?"

சாரங்கா கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"எனக்கு ரீச்சர் ஏசினால் நான் வீட்ட போயிடுவன், அம்மா. கம்சிகா எங்க போவாள்? அவளின்ர வீட்டிலயும் ரீச்சர்தானே இருக்கிறா."