முதுகுக்குப் பின்னால்

ஜெசிந்தா கேமராவைத் தூக்கியதும், பம்புசெட் கம்பெனி முதலாளிகள் பதினோரு பேரின் வலக்கையும் மதுக்கோப்பையோடு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. "படம் வீட்டுக்கும் போகுமுங் அம்மிணி," என்றார் ஒருவர். மாநாட்டு விருந்தில் எப்போதும் இப்படித்தான்.

சங்கச் செயலாளர் அவள் காதோரம் வந்தார். "நாச்சிமுத்துவும் தண்டபாணியும் ஒரே படத்துல விழணும். அண்ணன் தம்பிங்க. பேசி மூணு வருசமாச்சு. நாளைக்குக் கம்பெனி ரெண்டாகுது. இனி சேர்ந்து நிக்க மாட்டாங்க."

"உயரப்படி நில்லுங்க சார்," என்றாள் ஜெசிந்தா. உயரம் இருவரையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. முகங்கள் மட்டும் ஆளுக்கொரு திசையில்.

"கொஞ்சம் சிரிங்க சார்."

"அவனைச் சிரிக்கச் சொல்லு. எனக்குப் பல்லு வலி," என்றார் நாச்சிமுத்து.

அந்தி வெளிச்சம் தண்ணீர் மாதிரி புல்வெளியில் ஏறிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஓட்டலின் கண்ணாடிச் சுவர். அதன் பிரதிபலிப்பில் பதினோரு முதுகுகளும் பதினோரு கோப்பைகளும் மிதந்தன. தண்டபாணியின் கை நடுங்க, ஐஸ்கட்டிகள் கிணுகிணுத்தன. நாச்சிமுத்துவின் இடக்கை, அவர் திரும்பிப் பார்க்காமலே, பின்னால் போய் அந்தக் கையைப் பொத்திப் பிடித்தது. கிணுகிணுப்பு நின்றது. தம்பியின் கை விலகவில்லை.

ஜெசிந்தா கண்ணாடியைக் குறிவைத்து அழுத்தினாள்.

"முடிஞ்சுதா அம்மிணி?" என்றார் செயலாளர்.

முடிந்தது என்றால் எல்லாக் கைகளும் முன்னால் வந்துவிடும்.

"இல்லைங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றாள். "யாரும் அசையாதீங்க."