நூறாவது ரத்தம்

"நூறாம் நம்பர் ஆளைக் கண்ணைச் சோதிக்க வரச் சொன்னியா?" அல்மாத்தி ஆய்வுக்கூடத்தில் கண் டாக்டர் குவானிஷ் கத்தினார். ஆய்வில் ஒப்பிடுவதற்காகப் பெயரின்றி எண் மட்டும் போட்டு வைத்த, கண் நல்லா இருக்கிறவர்கள் பட்டியலில் இருந்த அந்த நூறாவது ரத்தத்தில், கண் அழுத்த நோய்க்கு வழிவகுக்கும் நோயெதிர்ப்பு மரபணு மாறுபாடு இருந்தது.

"மூணு தடவை சொன்னேன் டாக்டர். நேரமில்லைன்னு விரட்டிட்டார்," என்றாள் உதவியாளர் ஷோல்பான்.

"படிக்காத முட்டாளா?"

"ஊருக்கெல்லாம் கண்ணைச் சோதிக்கச் சொல்றவர்."

"அப்போ படிச்ச முட்டாள்! பக்கப் பார்வை போனப்புறம் அழுதுட்டு வருவான்."

ஷோல்பான் அவருக்கு இடப்பக்கமாக, கசாக் வழக்கப்படி மரியாதைக்கு அரைக் கிண்ணம் மட்டும் ஊற்றிய பால் டீ வைத்தாள். அவர் கைபட்டு அது கவிழ்ந்தது.

"இதை எப்போ வச்சே?"

"இப்பதான். இந்த வாரத்துல நீங்க கவிழ்த்த நாலாவது கிண்ணம். டாக்டர்... நூறு பேர் பட்டியலுக்கு ஓராள் குறைஞ்சப்போ, 'எனக்குக் கழுகுக் கண்ணு'ன்னு நீங்கதானே ரத்தம் எடுக்கக் கையை நீட்டினீங்க?"

ஈரச் சட்டையோடு டாக்டர் எழுந்தார்.

"படிச்ச முட்டாளுக்கு இப்போ நேரம் கிடைச்சிருச்சுன்னு எழுதிக்கோ."