ஸ்ட்ராபெரித் திருடன்

“இன்னைக்கு அவன் கதையை முடிக்காம விடப்போறதில்ல,” என்று திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தார் கத்பர்ட். “நேத்தே ஆளுக்குச் சொல்லிட்டேன். இப்போ வந்துடுவார்.”

“போனாப் போகுதுங்க. வயித்துக்குத்தானே திருடுறான்,” என்றாள் அவர் மனைவி டோரீன், சுடச்சுட எடுத்த ஸ்கோன் ரொட்டிகளைத் தட்டில் அடுக்கியபடி.

“வயித்துக்கா? ஒரு பழத்தை முழுசாத் தின்னா ஒத்துக்கலாம். ஒவ்வொண்ணுலயும் ஒரு கடி கடிச்சுப் போட்டுட்டு, வேலி மேல உக்காந்து என்னைப் பார்த்து வாலை ஆட்டுறான்.”

சனிக்கிழமை ஊர்க் கண்காட்சி. ஸ்ட்ராபெரித் தட்டுப் போட்டியில் பக்கத்து வீட்டு வில்ஃபிடம் போன வருடமும் தோற்று, அதற்கு முந்தின வருடமும் தோற்றவர் கத்பர்ட். இந்த முறையும் தோற்றால் ஊரைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். பாத்திக்கு வலை கட்டினார், மிளகாய்த் தூள் தூவினார், ரேடியோவை அலறவிட்டார். மூன்றையும் அந்தச் சாம்பல் அணில் ரசித்தது.

வாசல் மணி அடித்தது. வந்தவர் டாட்ஸ், சிவப்பு அணில் பாதுகாப்புக் குழுவின் ஆள். அந்த வட்டாரத்தில் சிவப்பு அணில்களின் இடத்தைப் பிடித்துக்கொண்ட சாம்பல் அணில்களைக் கூண்டு வைத்துக் கொண்டுபோவது அவர் வேலை. கொண்டுபோனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

டாட்ஸ் கூண்டைக் கீழே வைத்துவிட்டு டோரீனை உற்றுப் பார்த்தார். “சந்தைத் தெருவுல பார்லர் வச்சிருந்தது நீங்கதானேம்மா? எங்க அம்மா கல்யாணத்துக்கு உங்க கையாலதான் தலை அலங்காரமாம்.”

“அந்தக் கடையை மூடி எவ்வளவோ நாளாச்சு தம்பி. சூடா இருக்கு, ஸ்கோன் எடுத்துக்குங்க.”

“தலை அலங்காரம் அப்புறம் பேசலாம்,” என்று கத்பர்ட் பொறுமையிழந்தார். “அதோ, வந்துட்டான் பாருங்க.”

டாட்ஸ் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். ஸ்கோன் அவர் வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது.

“சார், இது சிவப்பு.”

“என்னது? முந்தாநாள் வரைக்கும் சாம்பலா இருந்தானே.”

“மப்பு வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும். நீங்க கண்ணாடி மாத்தி எவ்வளவு நாளாச்சு?”

“காதுல குஞ்சம் இல்லையேப்பா. சிவப்புக்கு இருக்குமே.”

“கோடையில உதிர்ந்துடும் சார்.” டாட்ஸ் தொலைநோக்கியை இறக்கவே இல்லை. “இந்தப் பள்ளத்தாக்குல சிவப்பைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு. கொடுத்து வச்சவர் நீங்க. இனி அதைத் தொட்டா சட்டப்படி குத்தம். வலையில கால் மாட்டிக்கும், எடுத்துடுங்க. மிளகாய்த் தூளைக் கழுவி விட்டுடுங்க. தினமும் காலைல ஒரு கை ஹேசல் கொட்டை வைங்க.”

“நான்? அவனுக்கு? கொட்டை?”

டாட்ஸோடு தோட்டத்துக்குப் போய், கத்பர்ட் வலையை அவிழ்த்தார். அவிழ்த்து முடிப்பதற்குள், சனிக்கிழமைக்கென்று கண்ணுக்குள் வைத்துக் காத்த மிகப் பெரிய பழத்தில் ஒரு கடி விழுந்துவிட்டது. அழுதுவிடுவோமோ என்றுகூடப் பயந்தார்.

அப்போதுதான் வேலிக்கு மேலே வில்ஃபின் தலை தெரிந்தது.

“கத்பர்ட், சிவப்பு அணிலாமே? நிஜமாவா?”

அந்தக் குரலில் இருந்தது பொறாமை. வில்ஃபிடமிருந்து அதை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டுமென்று கத்பர்ட் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறார். அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

“நம்ம வீட்டுல தான் தங்கியிருக்கு,” என்றார் அலட்சியமாக.

“நானும்தான் தோட்டம் வச்சிருக்கேன். என் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலையே.”

“அது தரம் பார்த்துத்தான் வரும் வில்ஃப். நீ கோப்பையை வச்சுக்கோ, பரவாயில்ல.”

“வாசல்ல மாட்ட ஒரு பலகை தர்றேன் சார்,” என்றார் டாட்ஸ். “பத்திரிகைக்காரங்களையும் அனுப்பி வைக்கிறேன். வர்றவங்க போட்டோ எடுப்பாங்க, நல்ல சட்டையாப் போட்டுக்குங்க.”

வில்ஃபின் முகம் தொங்கிப்போயிற்று. அதைப் பார்த்த சந்தோஷத்தில் கத்பர்ட் ஒரு முழு ஸ்ட்ராபெரியைத் தன் கையாலேயே பறித்து அணில் முன்னால் வைத்தார். “சாப்பிடு ராஜா,” என்று கொஞ்சவும் செய்தார். இந்த வருடக் கோப்பை யாருக்கு வேண்டும்?

நார்தம்பர்லாந்து வானம் அதற்குமேல் பொறுக்கவில்லை. கருமேகம் திரண்டு, முதல் தூறல் கத்பர்டின் மூக்கில் விழுந்தது. சமையலறைப் பின்கதவு படாரென்று திறந்தது. அவரைக்கொடிப் பந்தல் மறைத்திருந்ததால், மூன்று பேரும் அங்கேதான் நிற்கிறார்கள் என்பது டோரீனுக்குத் தெரியவில்லை. பதறிப்போய் அணிலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“மழை வருதுடா, உள்ள ஓடி வா. சாயம் போயிடும்.”